ஆங்கிலத்தின் அருஞ்சொற்கள்: மதிலும் ஏணியும்

1604ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் கையடக்கமான நூலொன்று அச்சேறியது. அதன் நெடிய தலைப்பின் முற்பகுதி ‘எ டேபிள் ஆல்ஃபபெட்டிக்கல்’ என்பதாகும். தொகுத்தவர் ராபர்ட் காட்ரி. பள்ளியாசிரியராகவும் திருச்சபைக் குருவாகவும் பணியாற்றிய அவர், சபையின் வழிபாட்டு விதிகளுக்கு முழுவதும் இணங்க மறுத்தமையால் குருப்பதவியை இழந்தவர். ஏறத்தாழ 2,500 சொற்கள், பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு சொற்களில் பொருள், அவ்வளவே நூல். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் தனி அகராதிகளுள் இதுவே முதலாவது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. முதற்பதிப்பில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுவது ஒரே ஒரு படி. அது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

இந்நூலைப் புரட்டுவோருக்கு இரண்டு செய்திகள் வியப்பளிக்கும். முதலாவது, நீர், மரம், வீடு போன்ற அன்றாடச் சொற்களுக்கு அதில் இடமில்லை. எபிரேயம், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்து வழங்கத் தொடங்கிய அருஞ்சொற்களே அதன் உள்ளடக்கம். இரண்டாவது, இது யாருக்காக ஆக்கப்பட்டது என்பதைத் தலைப்புப் பக்கமே அறிவித்துவிடுகிறது: சீமாட்டிகளுக்கும் உயர்குடிப் பெண்டிருக்கும், பயிற்சி வாய்க்காத பிறருக்கும். ஹாரிங்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து சகோதரிகளுக்கு அந்நூல் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

அந்நியருக்காக ஒரு மொழியின் அகராதி எழுதப்படுவது இயல்பு. அம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகியவர்களுக்கே, அம்மொழியிலேயே, பொருள்கூறும் பட்டியல் ஏன் தேவைப்பட்டது? உயர்நிலை ஆங்கிலச் சொல்வளத்தைத் தேடி இன்று பலரும் நடக்கும் பாதை இக்கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு அடுக்குகள்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவை, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழியாகப் பிரெஞ்சு அமர்ந்தது. உழவரும் கைவினைஞரும் பழைய ஆங்கிலத்தின் வழிவந்த மொழியையே பேசினர். நூற்றாண்டுகள் கழித்து இரண்டும் கலந்தபோது ஒரு பொருளுக்கே பல தளங்களில் சொற்கள் நின்றன. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்பது மண்ணின் சொல். ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘இண்டராகேட்’ லத்தீனிலிருந்து பெற்றது. அரசனுக்குரியதைக் ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என மூவகையாகக் கூறலாம். பொருள் ஒன்றே எனினும், ஒவ்வொரு படி ஏறும்போதும் சொல்லின் உடை மாறுகிறது.

இந்த அமைப்பின் விளைவு ஆழமானது. தமிழ்ப் பிள்ளையொன்று ‘கண்’ என்னும் சொல்லை அறிந்தால் கண்ணாடி, கண்ணீர், கண்காணிப்பு, கண்ணோட்டம் என ஒரு சொற்குடும்பமே அதற்குக் கைகொடுக்கும். ஆங்கிலக் குழந்தை ‘ஐ’ என்று கண்ணை அறிகிறது. அவ்வறிவு ‘ஆக்குலர்’ என்பதற்கோ ‘ஆப்தால்மாலஜி’ என்பதற்கோ சிறிதும் உதவுவதில்லை. நிலவுக்கு ‘மூன்’, அதன் பெயரடை ‘லூனார்’. நாய்க்கு ‘டாக்’, அதன் பெயரடை ‘கேனைன்’. தமிழிலும் வடசொல் அடுக்கொன்று உண்டு என்பது உண்மையே. ஆயினும் வீட்டுச் சொல்லுக்கும் கல்விச் சொல்லுக்கும் இடையே வேர்த்தொடர்பு இவ்வளவு பரவலாக அறுந்துபோன நிலை ஆங்கிலத்தின் தனி இயல்பாகவே தோன்றுகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் மறுமலர்ச்சிக் காலத்தில் இவ்விடைவெளி மேலும் அகன்றது. கிரேக்க, லத்தீன் நூல்களை மொழிபெயர்த்தோர் தமக்குச் சொல் போதாமையால் ஆயிரக்கணக்கில் கடன் வாங்கினர். சர் தாமஸ் எலியட் 1531இல் வெளியிட்ட ‘தி கவர்னர்’ என்னும் நூல் இதற்குச் சிறந்த சான்று. ஆள்வோருக்கான கல்வியைப் பற்றிய அந்நூலில் அவர் பல புதுச்சொற்களை வேண்டுமென்றே புகுத்தினார். ஆனால் வாசகரைத் தவிக்க விடவில்லை. அரிய சொல்லுக்கு அருகிலேயே அதே பொருள் தரும் பழகிய சொல்லை இணைத்துவிடுவார்; அல்லது அடுத்த வாக்கியத்தில் அதன் பொருளை விரித்துரைப்பார். சொல் புதிது, துணை பழையது. அகராதி தோன்றுமுன் ஆங்கிலேயர் தம் சொல்வளத்தை வளர்த்துக்கொண்ட முறைகளுள் இதுவும் ஒன்று.

எதிர்ப்பும் எழுந்தது. அக்காலத்தில் மை விலங்கின் கொம்பில் ஊற்றிவைக்கப்பட்டமையால், ஏட்டுப் புலமை நெடியடிக்கும் இச்சொற்களுக்கு ‘இங்க்ஹார்ன்’, அதாவது மைக்கொம்புச் சொற்கள், என்று ஏளனப் பெயர் சூட்டினர். கேம்பிரிட்ஜின் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சர் ஜான் சீக், கடன் வாங்கிக்கொண்டே போய்த் திருப்பித் தராத வீடு ஒருநாள் நொடித்துப்போகும் என்று 1557இல் ஒரு கடிதத்தில் எச்சரித்தார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்க முற்பட்ட அவர் ‘லூனாட்டிக்’ என்பதற்கு ‘மூண்ட்’ என்றும், நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் ‘செஞ்சூரியன்’ என்பதற்கு ‘ஹண்ட்ரடர்’ என்றும் மண்ணின் சொற்களால் புதுமொழி ஆக்கினார். தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு அம்முயற்சியின் உணர்வு அந்நியமானதன்று. கிரேக்கத்தில் கரைகண்ட ஒருவரே கிரேக்கச் சொல் வேண்டாம் என்றது கவனிக்கத்தக்கது. சீக்கின் ஆக்கங்கள் நிலைபெறவில்லை.

தாமஸ் வில்சன் என்பவர் 1553இல் தம் அணியியல் நூலில், மைக்கொம்புச் சொற்களால் நிரம்பிய ஒரு கேலிக் கடிதத்தை அமைத்தார். அதில் நகைப்புக்காகச் செருகப்பட்ட ‘செலிப்ரேட்’, ‘கெப்பாசிட்டி’, ‘டெக்ஸ்டெரிட்டி’, ‘மண்டேன்’ ஆகியவற்றை இன்று எந்த நாளிதழிலும் காணலாம். அவற்றோடு வந்த ‘இன்ஜென்ட்’ வழக்கொழிந்தது. ‘மேக்னிஃபிக்கல்’ இன்று பழஞ்சொல்லாக ஒதுங்கிவிட்டது. எது வாழும், எது மாயும் என்பதை ஏளனம் செய்தோரும் அறியவில்லை, ஏற்றிப் போற்றியோரும் அறியவில்லை.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இச்சொற்கள் அனைவருக்கும் ஒரே அளவில் கடினமாயிருக்கவில்லை. அன்றைய கிராமர் பள்ளிகளின் முதன்மைப் பாடம் லத்தீன் இலக்கணமே. அங்கு பயின்ற சிறுவனுக்கு லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொல் பாதி தெரிந்த முகம். அப்பள்ளிகளின் கதவு பெண்களுக்குப் பொதுவாகத் திறக்கவில்லை. வணிகனுக்கும் கைவினைஞனுக்கும் அக்கல்வி பெரும்பாலும் எட்டவில்லை. அவர்களுக்கு அதே சொல் பொருளற்ற ஓசை. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்ட பிரசங்கத்திலேயே அவ்வோசைகள் நிறைந்திருந்தன. தாய்மொழியிலேயே ஒருவர் செவிடராக்கப்பட்ட நிலை அது.

காட்ரியின் நூல் இவர்களுக்காகவே பிறந்தது. கிரேக்கத்திலிருந்து வந்ததற்கு ஓர் அடையாளம், பிரெஞ்சுக்கு வேறொன்று எனக் குறியிட்டார். அகரவரிசையில் தேடும் பழக்கமே பலருக்குப் புதிது என்பதால், எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்யுமாறும், சொல்லின் முதலெழுத்தையும் அடுத்த எழுத்தையும் பார்த்துத் தேடுமாறும் முன்னுரையில் பொறுமையாகக் கற்பித்தார். அம்முன்னுரையில் இன்னொரு விந்தையும் உண்டு. அருஞ்சொற்களைத் தவிர்த்து எளிமையாகப் பேசுமாறு வில்சன் எழுதிய பகுதியைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து அவர் தம் முன்னுரையாக்கியிருந்தார். அருஞ்சொல் வேண்டாம் என்ற முன்னுரை. அருஞ்சொற்களையே அடுக்கிய நூல். முரண்பாடாகத் தோன்றினும் இதில் நியாயம் உண்டு. பெரியோர் எளிமையாகப் பேசும்வரை சிறியோர் காத்திருக்க முடியாது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1623இல், ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதியில் நோக்கமே திரும்பிவிட்டது. அதன் முதற்பகுதி காட்ரியின் வழியில் அருஞ்சொற்களுக்கு எளிய பொருள் தந்தது. இரண்டாம் பகுதியோ எளிய சொல்லை முன்வைத்து அதற்கு ஈடான அருஞ்சொல்லைத் தந்தது. புரிந்துகொள்ளும் ஆசை தோற்றமளிக்கும் ஆசையாக மாறிய இடம் இதுவே. அதில் இடம்பெற்றவற்றுள் பல எவரும் பேசியறியாத சொற்கள். லத்தீன் அகராதியிலிருந்து எடுத்து ஆங்கில விகுதி ஒட்டப்பட்டவை. மாட்டுக்காரச் சிறுவனைப் போலக் கூவுவதற்கு ‘புபுல்சிடேட்’ என்றொரு வினைச்சொல்லைக்கூட அங்கே காணலாம். இன்று தேர்வுக்கு முந்திய இரவில் மனனம் செய்யப்படும் பட்டியல்களுக்கு மூதாதை தேடினால் காக்கரத்திடம் போய் நிற்க வேண்டும்.

ஏணி கிடைத்தது, ஏறியவர் தவறி விழுந்தால் சிரிக்கவும் ஆட்கள் கூடினர். ஷேக்ஸ்பியரின் காவலன் டாக்பெர்ரி பெரிய சொற்களைப் பிழையாக ஆள்வதைக் கண்டு அரங்கம் முன்பே நகைத்திருந்தது. 1775இல் ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில் திருமதி மலாப்ராப் தோன்றினார். நைல் நதிக்கரையின் முதலையை ‘அலிகேட்டர்’ என்று சொல்ல எண்ணி, உருவகக் கதையைக் குறிக்கும் ‘அலெகரி’ என்று சொல்பவர் அவர். அவர் பெயராலேயே அவ்வகைப் பிழை ‘மலாப்ராபிசம்’ என இன்றும் வழங்குகிறது. நகைச்சுவை சிறப்பானதுதான். ஆனால் நகைக்கப்பட்டவர் யார் என்று ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி மறுத்ததைத் தானே தேடிச் சேர்க்க முயன்ற ஒரு பெண். இரவல் சொல்லில் இடறுவோம் என்னும் அச்சம், அன்றுமுதல் இன்றுவரை ஆங்கிலம் கற்போரின் நிழலாகத் தொடர்கிறது.

ஜான்சனின் வழி

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகராதிகள் எளிய சொற்களையும் ஏற்கத் தொடங்கின. 1755இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வெளிவந்தது. 42,000க்கும் மேற்பட்ட சொற்கள்; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஆறு உதவியாளர்களுடன் அவர் பல ஆண்டுகள் உழைத்த பெரும்பணி அது. பொருளுரையில் அவர் சிலபோது வாசகரை மறந்துவிடுவதுண்டு. வலைப்பின்னலைக் குறிக்கும் ‘நெட்வொர்க்’ என்னும் எளிய சொல்லுக்கு அதனினும் பன்மடங்கு கடினமான லத்தீன்வழிச் சொற்களால் பொருளெழுதினார். ஆனால் மேற்கோள்களே அவருடைய கொடை. ஒரு சொல்லைத் தேடிச் செல்பவர் ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் ஆகியோரின் வரிகளில் அச்சொல் உயிரோடு இயங்குவதைக் கண்டு திரும்பினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எலியட் அரிய சொல்லுக்குப் பழகிய சொல்லைத் துணையாக்கினார் எனில், ஜான்சன் ஒரு முழு வாக்கியத்தையே துணையாக்கினார்.

1852இல் முதிய மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே தம் ‘தெசாரஸ்’ நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது எழுபத்து மூன்று. அகரவரிசையை விடுத்து, ஆயிரம் கருத்துத் தலைப்புகளின்கீழ் அவர் சொற்களை அடுக்கினார். சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்வது அகராதி; பொருளிலிருந்து சொல்லுக்கு வருவது ரோஜேயின் முறை. நம் திவாகரமும் பிங்கலமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தவை என்பதை நிகண்டு அறிந்த வாசகர் நினைவுகூரலாம்.

எண்ணும் விற்பனையும்

இருபதாம் நூற்றாண்டு சொற்களை எண்ணத் தொடங்கியது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1921இல் வெளியிட்ட ஆசிரியர் சொற்பட்டியல், பைபிள் முதல் சமையல் நூல்கள்வரை பலதரப்பட்ட எழுத்துகளை எண்ணி, மிகுதியாக வழங்கும் 10,000 சொற்களை வரிசைப்படுத்தியது. அதுவரை அருமை, எளிமை என்பன புலவரின் தீர்ப்புகள். இப்போது அவை கணக்காயின.

இன்னொரு புறம் சொல்வளம் விற்பனைப் பொருளாயிற்று. ஜான்சன் ஓ’கானர் என்பவர் தம் தேர்வுகளில் நிறுவனங்களின் உயர் அலுவலர்களே சொல்லறிவில் முன்னிற்பதாகக் கண்டு, 1934இல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் சொல்வளத்தையும் வெற்றியையும் இணைத்து எழுதினார். சொல்லறிவு பதவியைத் தந்ததா, பதவிக்கு ஏற்ற குடும்பமும் கல்வியும் சொல்லறிவையும் உடன் தந்தனவா என்னும் கேள்வியைப் பொதுமக்கள் பெரிதாக எழுப்பவில்லை. 1945 முதல் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழில் வில்ஃபிரட் ஃபங்க் தொடங்கிய பகுதியின் பெயரிலேயே, சொல்வளம் பெருக்குவது ஆதாயம் தரும் என்னும் வாக்குறுதி இருந்தது.

இந்த வரிசையில் நார்மன் லூயிஸ் 1949இல் வெளியிட்ட ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. இந்திய நகரங்களின் நடைபாதைப் புத்தகக் கடைகளிலும் அதன் அட்டையைக் காணாதவர் குறைவு. அதன் அடிப்படை உத்தி வேர்ச்சொல் கற்பித்தல். ‘ஈகோ’ என்றால் ‘நான்’ என்று அறிந்தால் ‘ஈகோயிஸ்ட்’, ‘ஈகோசென்ட்ரிக்’ ஆகியவை தாமே விளங்கும். ‘மிசோ’ என்னும் வெறுப்பின் வேரை அறிந்தால் மனிதரை வெறுப்பவனுக்கும் பெண்ணை வெறுப்பவனுக்கும் உரிய சொற்கள் ஒருங்கே கிட்டும். கிராமர் பள்ளிச் சிறுவனுக்கு இயல்பாகக் கிடைத்த சாவியை, லத்தீன் கல்லாத பெருந்திரளுக்கு மலிவு விலையில் அச்சிட்டுக் கொடுத்தார் லூயிஸ். அவ்வகையில் அவர் காட்ரியின் வழித்தோன்றல். காக்கரத்தின் வழித்தோன்றல் அல்லர்.

தேர்வுகளும் இவ்வரலாற்றில் பங்கு பெற்றன. 1926இல் தொடங்கிய அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு பல பத்தாண்டுகள் அருஞ்சொல் அறிவைச் சோதித்தது. 1994இல் எதிர்ச்சொல் வினாக்களும், 2005இல் சொல்லுறவு வினாக்களும் நீக்கப்பட்டன. 2016இல் அரிய சொற்களைத் தனியே சோதிப்பது கைவிடப்பட்டது. ஜி.ஆர்.இ. தேர்வும் 2011இல் எதிர்ச்சொல், சொல்லுறவு வினாக்களைக் கைவிட்டது. சூழலில் சொல் எப்பொருளில் நிற்கிறது என்பதை உணர்வதே இன்று முதன்மையாகக் கேட்கப்படுகிறது.

டாக்காவில் எழுந்த கேள்வி

இந்நெடிய வரலாற்றில் மிகக் கூர்மையான கேள்வி லண்டனிலோ நியூயார்க்கிலோ எழவில்லை, வங்காளத்தில் எழுந்தது. இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்தவர் மைக்கேல் வெஸ்ட். அவர் 1926இல் வங்காளத்தை முன்வைத்து இருமொழியம் பற்றிய ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பிள்ளைகளில் மிகப் பலர் பாடத்திட்டம் முடியுமுன்பே பள்ளியை விட்டு நீங்கிவிடுவதை அவர் கண்டார். கடைசிவரை பயில்பவனுக்கு மட்டுமே பயன்படுமாறு பாடத்திட்டம் அமைந்திருந்தது. இடையில் நின்றவன் வெறுங்கையோடு போனான்.

இதைச் சொல்ல அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார்: சரண் மதிப்பு. தவணை முழுவதும் கட்டாமல் பாலிசியை இடையில் ஒப்படைப்பவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையே அது. ஒரு பாடத்தை மூன்றாம் ஆண்டில் கைவிடும் பிள்ளைக்கு அதுவரை கற்றதன் சரண் மதிப்பு என்ன என்று வெஸ்ட் வினவினார். எல்லாவற்றுக்கும் முன்னதாக வாசிக்கும் ஆற்றலை அளித்துவிட்டால், பள்ளியை விட்ட பின்னும் அது தானே வளரும் என்பது அவர் கண்ட விடை.

எனவே வாசிப்பு நூல்களைப் புதிதாக ஆக்கினார். பழைய பாடநூல்களில் வழக்கிறந்த இலக்கியச் சொற்கள் நெருக்கியடித்து நின்றன. அவற்றை அகற்றிப் பொதுச் சொற்களை வைத்தார். புதுச்சொற்களை இடைவெளிவிட்டுத் தூவி, ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் வருமாறு அமைத்தார். 1935இல் எண்டிகாட் என்பவருடன் இணைந்து வெளியிட்ட அகராதியில் சுமார் 24,000 உருப்படிகளுக்கு 1,490 எளிய சொற்களைக் கொண்டே பொருளுரைத்தார். ‘நெட்வொர்க்’ சொல்லுக்கு ஜான்சன் எழுதிய பொருளை நினைவில் கொண்டால் இதன் அருமை விளங்கும். 1953இல் அவர் தொகுத்து வெளியிட்ட பொதுச்சொற் பட்டியல், ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்டு, ஆங்கிலம் கற்பித்தலில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

அப்பட்டியலைக் கடந்தபின் என்ன? 2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட், அப்பொதுச்சொற்களுக்கு அப்பால் கல்விசார் நூல்களில் மிகுதியாக வழங்கும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அத்தகைய நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இவற்றைச் சார்ந்தது. இவற்றுள் பெரும்பான்மை கிரேக்க, லத்தீன் வழி வந்தவை. பால் நேஷன் 2006இல் காட்டிய கணக்குப்படி, நாவலையும் நாளிதழையும் பிறர் துணையின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை. இவ்வெண்ணிக்கையைப் பட்டியலிட்டு மனனம் செய்து எட்டுவது கடினம். எட்டினாலும் நிலைப்பது அதனினும் கடினம். அரிய சொல் அரிதாகவே எதிர்ப்படும் என்பதால், அதைச் சில முறையேனும் சந்திக்கப் பல்லாயிரம் பக்கங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

கற்பவர் எவ்வளவு முயன்றாலும் தொடக்கப் புள்ளி அனைவருக்கும் ஒன்றாயிருப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. 1985இல் டேவிட் கார்சன் எழுதிய ‘தி லெக்ஸிகல் பார்’ என்னும் நூல், கிரேக்க, லத்தீன் வழிச் சொற்கள் உழைக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கு எவ்வாறு தடுப்பாகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தது. காட்ரி கண்ட மதில், 381 ஆண்டுகளுக்குப் பின்னும் ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே நின்றுகொண்டிருந்தது என்பதே அதன் சாரம். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாமல் விழிக்கும் தமிழ் மாணவர், அது தம் அறிவின் குறை என்று கூசுவதற்கு முன், இலண்டன் தெருவில் பிறந்தவருக்கும் அதே மதில் இருந்தது என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

நானூறு ஆண்டுகளில் வந்த கருவிகளை எல்லாம் நிறுத்துப் பார்த்தால், நின்று பயன்தந்தவை இரண்டே வகை. ஒன்று, வேரைக் காட்டி ஒரு சொல்லால் பத்துச் சொற்களைத் திறப்பது. மற்றது, தெரிந்த சொற்களின் நடுவே தெரியாத ஒன்றை வைத்து வாசகரை வாசிக்க விடுவது. எலியட் செய்ததும், ஜான்சன் செய்ததும், வெஸ்ட் டாக்காவில் செய்ததும் இந்த இரண்டாம் வகையே. காக்கரத்தின் மாட்டுக்காரச் சொல் மட்டும் எவர் வாயிலும் ஏறாமல் அவருடைய அகராதியிலேயே தங்கிவிட்டது.